சவோயா குடும்பத்துக்கு இப்போது தலைவர் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் அரியணை இழந்த அரச குடும்பங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், இத்தாலியின் சவோயா குடும்பத்துப் பங்காளித் தகராறும் கூடவே வந்துவிடும். இல்லாத சிம்மாசனத்துக்கு இரண்டு பேர் ஏன் மல்லுக்கட்டுகிறார்கள் என்று தொடங்கி, திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் சில உண்டு. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறோம்.

ராஜாவே இல்லாத நாட்டில் ராஜ குடும்பத்துக்குத் தலைவர் எதற்கு?

இத்தாலிய அரசைக் கேட்டால், எதற்கும் இல்லை. அப்படி ஒரு பதவி இருப்பதாகவே அதன் சட்டப் புத்தகத்தில் கிடையாது. குடும்பத்துக்குள்தான் அதற்கு வேலை. வாரிசுகளின் திருமணத்துக்குச் சம்மதம் தருவது, குடும்பப் பட்டங்களைப் பகிர்ந்தளிப்பது, பரம்பரை விருதுகளை வழங்குவது, பிற அரச குடும்பங்களின் கல்யாணத்திலும் சாவிலும் முன்வரிசையில் நிற்பது ஆகியவை தலைவரின் உரிமைகள்.

இவற்றில் விருதுதான் கனமானது. 1362-ல் தோன்றிய அனுன்சியாத்தா விருது, புனித மொரிசியோ மற்றும் லாசரோ விருது ஆகியவை சவோயா குடும்பத்தின் சொத்து என்பது அரச ஆதரவாளர்களின் வாதம். அவற்றைக் கொடுக்கும் கை யாருடையதோ, அவரே தலைவர். இரண்டு கை நீண்டால் எது செல்லும் என்பதில்தான் தகராறு தொடங்குகிறது.

இத்தாலியில் மன்னராட்சி எப்படி முடிந்தது? ராஜா பதவி விலகினாரா?

கடைசி ராஜா விலகவில்லை. முசோலினி காலம் முழுக்க அரியணையில் இருந்த மூன்றாம் விட்டோரியோ இமானுவேலே, 1946 மே 9 அன்று மகன் உம்பெர்த்தோவுக்குப் பட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு எகிப்துக்குப் போனார். ஜூன் 2 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் குடியரசுக்கு 1,27,17,923 வாக்குகளும் மன்னராட்சிக்கு 1,07,19,284 வாக்குகளும் விழுந்தன. சதவீதத்தில் 54.3-க்கு 45.7.

உம்பெர்த்தோ ஜூன் 13 அன்று போர்ச்சுகலுக்குப் புறப்பட்டார். ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் ஆட்சி என்பதால் இத்தாலியர்கள் அவரை 'மே மாத ராஜா' என்பார்கள். போகும்போது அரசாங்கத்தின் நடவடிக்கையைக் கண்டித்து அறிக்கை விட்டாரே தவிர, முடி துறப்புப் பத்திரம் எதிலும் கையெழுத்திடவில்லை. அதனால் 1983 மார்ச் 18 அன்று ஜெனிவாவில் இறக்கும் வரை குடும்பத்தின் தலைவர் அவர்தான். இதில் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தகராறு முழுக்க அவருக்குப் பின் யார் என்பதே.

இப்போது போட்டியில் இருப்பவர்கள் யார்? அவர்களுக்குள் என்ன உறவு?

ஒருவர் இமானுவேலே ஃபிலிபெர்த்தோ. 1972-ல் பிறந்தவர், உம்பெர்த்தோவின் ஒரே மகனுடைய ஒரே மகன். அவருடைய தந்தை விட்டோரியோ இமானுவேலே 2024 பிப்ரவரி 3 அன்று காலமானார். இன்னொருவர் அவோஸ்தா கோமகன் (டியூக்) அய்மோனே, 1967-ல் பிறந்தவர். இவருடைய தந்தை அமெதேயோ 2021 ஜூன் 1 அன்று காலமானார். அப்பாக்கள் தொடங்கிய தகராறு இப்போது பிள்ளைகள் தலையில்.

இருவருக்கும் பொதுவான மூதாதை, ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் மன்னர் இரண்டாம் விட்டோரியோ இமானுவேலே. அவருடைய மூத்த மகன் முதலாம் உம்பெர்த்தோ வழியில் வந்தவர்கள் இத்தாலியை ஆண்டார்கள். இளைய மகன் அமெதேயோ 1870 முதல் 1873 வரை ஸ்பெயினின் மன்னராக இருந்து, வெறுத்துப்போய் ஊர் திரும்பியவர். அவர் வழிதான் அவோஸ்தா கிளை. இன்றைய இருவரும் அந்த முதல் மன்னரின் எள்ளுப்பேரர்களுடைய மகன்கள். நம் சொல்லில் சொன்னால் தாயாதிகள்.

ஒரே பெயர் தலைமுறைதோறும் திரும்பி வருவதால் குழப்பம் வரும். இனி இந்தப் பக்கத்தில் எண் இல்லாமல் 'விட்டோரியோ' என்றால் 2024-ல் இறந்தவர். 'அமெதேயோ' என்றால் 2021-ல் இறந்தவர். 'உம்பெர்த்தோ' என்றால் 1983-ல் இறந்த கடைசி மன்னர்.

'சாலிக் சட்டம்' என்று சொல்கிறார்களே, அது என்ன?

ஆண் வழியாக ஆணுக்கு மட்டுமே பட்டம் என்ற விதி. மகளுக்குக் கிடையாது, மகள் வயிற்றுப் பேரனுக்கும் கிடையாது. மகன் இல்லாமல் ஒருவர் இறந்தால் பட்டம் தம்பிக்குப் போகும். தம்பியும் இல்லையென்றால், எத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும், அடுத்த தாயாதியைத் தேடிப் போகும். இத்தாலி ஒன்றுபடும் முன் இந்தக் குடும்பம் ஆண்ட சார்டினியா அரசில், 1848 மார்ச் 4 அன்று வெளியான அரசியல் சாசனத்தின் 2-ஆம் பிரிவு இதை ஒரே வரியில் சொல்கிறது: சாலிக் சட்டப்படி அரியணை பரம்பரையானது. மன்னராட்சி முடியும் வரை அமலில் இருந்தது அதே சாசனம்தான்.

வெறும் ஏட்டு விதி அல்ல இது. மன்னர் முதலாம் விட்டோரியோ இமானுவேலேவுக்கு உயிரோடிருந்த வாரிசுகள் எல்லாம் மகள்கள். பட்டம் தம்பி கார்லோ ஃபெலிச்சேக்குப் போயிற்று. அவருக்கும் பிள்ளை இல்லாததால் 1831-ல், 17-ஆம் நூற்றாண்டிலேயே பிரிந்துபோன கரிஞானோ கிளையைச் சேர்ந்த கார்லோ ஆல்பெர்த்தோவிடம் வந்தது. முதலாம் விட்டோரியோவின் மூத்த மகள் மரியா பெயாத்ரிச்சே கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்தில் விரட்டப்பட்ட ஸ்டூவர்ட் வம்சத்தின் உரிமை பெண் வழியிலும் இறங்கும் என்பதால், அந்த வம்சத்தின் விசுவாசிகளுக்கு அவரே இங்கிலாந்தின் உண்மையான ராணி. சொந்த வீட்டிலோ அப்பாவின் பட்டம் அவர் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அவோஸ்தா கிளையிலும் இதே கணக்கு ஓடியிருக்கிறது. எத்தியோப்பியாவில் வைஸ்ராயாக இருந்து, பிரிட்டிஷாரிடம் சரணடைந்து, 1942-ல் நைரோபியில் கைதியாகவே இறந்த மூன்றாவது கோமகனுக்கு இரண்டு மகள்கள். கோமகன் பட்டம் அவர்களைத் தாண்டித் தம்பிக்குப் போனது. அந்தத் தம்பியின் மகன்தான் அமெதேயோ.

சாலிக் சட்டப்படியே பார்த்தால் மகன்தானே வாரிசு? தாயாதிக்கு எங்கிருந்து உரிமை வந்தது?

கல்யாணத்திலிருந்து. மன்னர் மூன்றாம் விட்டோரியோ அமெதேயோ 1780 செப்டம்பர் 13 அன்று ஓர் ஆணை பிறப்பித்தார். இளவரசர்கள் மன்னரின் அனுமதி இல்லாமல் மணம் செய்யக் கூடாது. அனுமதியும் இல்லாமல், அந்தஸ்தில் குறைந்த குடும்பத்தில் பெண்ணும் எடுத்தால், அவரும் அவர் வாரிசுகளும் அரியணை உரிமையை இழப்பார்கள்.

விட்டோரியோ மணந்தது மரீனா தோரியாவை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தவர், நீர்ச்சறுக்கு விளையாட்டில் சாம்பியன், அரச குலம் அல்ல. 1970 ஜனவரியில் லாஸ் வேகாஸில் பதிவுத் திருமணம், 1971 அக்டோபரில் தெஹ்ரானில் தேவாலயத் திருமணம். தந்தை சம்மதிக்கவில்லை. ஆகவே விட்டோரியோ அந்தக் கணமே வரிசையிலிருந்து விழுந்துவிட்டார், அடுத்த தாயாதி அமெதேயோவே வாரிசு என்கிறது அவோஸ்தா தரப்பு.

அந்தஸ்துக் குறைவு மட்டும் ஒருவரைத் தள்ளிவிடாது. சம்மதமின்மையும் சேர வேண்டும். 'சாதாரணப் பெண்ணைக் கட்டியதால் பட்டம் போச்சு' என்று சுருக்கிச் சொல்வது தவறு.

1780 ஆணையெல்லாம் 1946 வரை உயிரோடு இருந்ததா?

தகராறின் முடிச்சே இதுதான். விட்டோரியோ தரப்பு 1848 சாசனத்தின் 81-ஆம் பிரிவைக் காட்டும். சாசனத்துக்கு முரணான எல்லாச் சட்டங்களும் ரத்து என்கிறது அது. அரியணைக்குச் சாசனம் வைத்த நிபந்தனை சாலிக் சட்டம் ஒன்றே, கல்யாணச் சம்மதம் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை, எனவே 1780 ஆணை 1848-லேயே செத்துவிட்டது என்பது இவர்கள் வாதம்.

அவோஸ்தா தரப்பின் பதில்: ஆணை சாசனத்துக்கு முரணானது அல்ல, அதை நிரப்புவது. பிறப்பால் யார் என்பதைச் சாசனம் சொல்கிறது, மணத்தால் யார் விலகுவார் என்பதை ஆணை சொல்கிறது. இதற்குத் துணையாக 1942 குடிமைச் சட்டத் தொகுப்பின் 92-ஆம் பிரிவைக் கொண்டுவருவார்கள். அரச குடும்பத்தாரின் திருமணம் செல்லுபடியாக மன்னரின் சம்மதம் வேண்டும் என்று அது எழுத்திலேயே கேட்டது. சம்மதம் தேவை என்ற கொள்கை 1942-லும் இருந்தது என்பதற்கு இது நல்ல ஆதாரம். ஆனால் சம்மதம் இல்லாவிட்டால் பட்டம் போகும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. இந்த இடைவெளியைத் தாண்டாமல் இரண்டு தரப்பாலும் வழக்கை ஜெயிக்க முடியாது.

சம்மதம் இல்லை என்பதற்கு எழுத்தில் ஏதாவது உண்டா, இல்லை வாய்ப்பேச்சா?

கடிதம் உண்டு. உம்பெர்த்தோ 1960 ஜனவரியில் மகனுக்கு எழுதியது. குடும்பச் சட்டத்தை நினைவூட்டி, அதை மீறி மணந்தால் உரிமை போய்விடும், வாரிசுரிமை அமெதேயோவுக்குச் சேரும் என்று எச்சரிக்கும் கடிதம். அவோஸ்தா தரப்பின் கையில் இருக்கும் வலுவான சீட்டு இது.

அதில் ஓர் ஓட்டையும் உண்டு. அந்தக் கடிதம் திருமணத்துக்குப் பத்தாண்டுகள் முன்னால் எழுதப்பட்டது. திருமணம் நடந்த பிறகு 'என் மகன் வாரிசு அல்ல, அமெதேயோதான் வாரிசு' என்று உம்பெர்த்தோ பொதுவில் பிரகடனம் எதுவும் செய்யவில்லை. அதற்குப் பிறகும் பதின்மூன்று ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ஆணை தானாகவே வேலை செய்யும், பிரகடனம் தேவையில்லை என்பார்கள் ஒரு பக்கம். தண்டிக்க நினைத்த அப்பா மனசு மாறிவிட்டார் என்பார்கள் மறு பக்கம். மௌனத்தை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம்.

அப்பா உயிரோடு இருக்கும்போதே மகன் தன்னை ராஜா என்று அறிவித்துக்கொண்டாராமே?

ஆம். விட்டோரியோ 1969 டிசம்பர் 15 தேதியிட்டு வெளியிட்டவை இரண்டு ஆணைகள். முதலாவதில், வாக்கெடுப்புக்குத் தலைவணங்கி நாட்டை விட்டுப் போனதால் தந்தை உரிமை இழந்துவிட்டார் என்ற தர்க்கத்தில் தன்னையே மன்னராக்கிக்கொண்டார். இரண்டாவதில், மன்னர் என்ற ஹோதாவில் மரீனாவைக் கோமகள் ஆக்கினார்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் நோக்கம் தெரியும். முந்தைய பதில்களில் சொன்ன இரண்டு தடைகளையும் ஒரே கையெழுத்தில் தாண்டும் முயற்சி அது. தானே மன்னர் என்றால் யாரிடம் சம்மதம் கேட்பது? மணப்பெண் கோமகள் என்றால் அந்தஸ்துக் குறைவு ஏது? கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் வினை அங்கேதான். 1780 ஆணை செத்துவிட்டது என்று நிஜமாகவே நம்பினால் இந்த ஆணைகளுக்குத் தேவையே இல்லை. எதிர்த்தரப்பு இதை விடாமல் சொல்லிக்காட்டுவது நியாயம்தான்.

தகுதி போனது 1970-லேயே என்றால், அமெதேயோ ஏன் 2006 வரை காத்திருந்தார்?

2006 ஜூலை 7 அன்றுதான் அவர் தன்னைக் குடும்பத் தலைவராகவும் சவோயா கோமகனாகவும் அறிவித்தார். உம்பெர்த்தோ காலத்தில் அரச ஆதரவுச் செனட்டர்கள் அமைத்த ஆலோசனை மன்றமும், உம்பெர்த்தோவின் மகள்களில் ஒருவரான மரியா கப்ரியெல்லாவும் அவர் பக்கம் நின்றார்கள். அந்த மன்றத்தை விட்டோரியோ அதற்கு முன்பே கலைத்துவிட்டார் என்பதால், கலைந்த மன்றத்தின் சொல் செல்லாது என்பது அவர் தரப்புப் பதில்.

1983 முதல் 2006 வரை இருந்த இந்த மௌனம் அவோஸ்தா தரப்பின் பலவீனம். கசப்பு மட்டும் முன்னமே இருந்தது. 2004 மே மாதம் மாட்ரிட்டில், ஸ்பெயின் பட்டத்து இளவரசரின் திருமண விருந்தில் விட்டோரியோ அமெதேயோவை முகத்தில் குத்தியது உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது.

2019-ல் விதியையே மாற்றிவிட்டார்களாமே? இனிப் பெண்ணும் தலைவராகலாமா?

விட்டோரியோ அப்படித்தான் ஆணையிட்டார். ஆணையின் தேதி 2019 டிசம்பர் 28, வெளியே வந்தது 2020 ஜனவரியில். ஆணோ பெண்ணோ, மூத்த பிள்ளைக்கே பட்டம். இமானுவேலே ஃபிலிபெர்த்தோவுக்கு இரண்டு மகள்கள் மட்டுமே: 2003-ல் பிறந்த விட்டோரியா, 2006-ல் பிறந்த லூயிஸா. புதிய விதிப்படி அடுத்தவர் விட்டோரியா.

ஏன் இந்த அவசரம் என்பதைச் சாலிக் சட்டத்தைப் பற்றிய பதிலோடு வைத்துப் பாருங்கள். பழைய விதி தொடர்ந்திருந்தால், ஃபிலிபெர்த்தோவுக்கு மகன் இல்லாத நிலையில், அவருக்குப் பின் தலைமை அய்மோனேவுக்கோ 2009-ல் பிறந்த அவர் மகன் உம்பெர்த்தோவுக்கோ தானாகவே போயிருக்கும். யாரும் தோற்காமல், யாரும் மன்னிப்புக் கேட்காமல், ஒரு தலைமுறையில் தகராறு அடங்கியிருக்கும். அந்தக் கதவை 2019 ஆணை மூடிவிட்டது.

ஆணை செல்லுமா என்றால் நம் கணிப்பில் ஆட்டம் காண்கிறது. 1848 சாசனத்தை மன்னர் தனியாக மாற்ற முடியாது, நாடாளுமன்றமும் சேர வேண்டும். நாடாளுமன்றம் இல்லாத குடும்பத்தில் அதை யார் மாற்றுவது? குடும்பத் தலைவரே போதும் என்றால், 1780 ஆணை குடும்பச் சட்டமாக உயிரோடு இருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். சாசனமே எல்லாம் என்றால் 2019 ஆணை விழும். விட்டோரியோ தரப்பு 1970-க்கு ஒரு வாதமும் 2019-க்கு இன்னொன்றுமாக வைக்கிறது.

கோர்ட்டுக்குப் போய் ஒரேயடியாக முடித்துக்கொள்ளலாமே?

முடியாது. குடியரசின் அரசியலமைப்பு, 14-ஆவது இறுதி விதியில், பிரபுப் பட்டங்களை அங்கீகரிப்பதில்லை என்கிறது. இல்லாத பதவிக்கு உரியவர் யார் என்று எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார். நீதிமன்றம் தொடக்கூடியது குடும்பப் பெயரை மட்டுமே. அந்த வழியில்தான் போனார்கள். 'சவோயா-அவோஸ்தா' என்று போடாமல் வெறும் 'சவோயா' என்று அமெதேயோவும் மகனும் பெயர் போட்டுக்கொண்டதற்கு, 2010-ல் அரெஸ்ஸோ நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்து நஷ்டஈடும் விதித்தது. பிறகு மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. இரண்டு தீர்ப்புகளையும் அவரவர் ஆதரவாளர்கள் 'தலைவர் யார் என்று கோர்ட் சொல்லிவிட்டது' என்று பரப்பினார்கள். இரண்டுமே அப்படிச் சொல்லவில்லை.

தலைவராக இருப்பவருக்குத்தான் சொத்தும் நகையும் சேருமா?

சேராது. இந்த இரண்டையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். முன்னாள் மன்னர்களும் அவர்கள் மனைவியரும் ஆண் வாரிசுகளும் இத்தாலிய மண்ணில் வைத்திருந்த சொத்து அரசுக்கே என்று 13-ஆவது இறுதி விதி எழுதிவிட்டது. வெளியே இருந்தவை சாதாரணத் தனிச்சொத்து. டூரின் நகரின் புகழ்பெற்ற புனிதப் போர்வையை உம்பெர்த்தோ உயில் மூலம் போப்பாண்டவருக்கு எழுதிவைத்தார். அதற்கு எந்தத் தலைவரின் அனுமதியும் தேவைப்படவில்லை.

நகைப் பெட்டி விவகாரம் தனி. 1946 ஜூனில் அரண்மனை அமைச்சர் ஃபல்கோனே லூச்சிஃபெரோ, 6,000-க்கும் மேற்பட்ட வைரங்களும் 2,000 முத்துக்களும் கொண்ட அரச நகைகளை இத்தாலிய மத்திய வங்கியில் ஒப்படைத்தார். வாங்கிக்கொண்ட ஆளுநர் லுயிஜி எய்னாவ்தி, பின்னாளில் அதே குடியரசின் தலைவரானவர். ஒப்படைப்புக் குறிப்பில் இருந்தது, உரிமை உள்ளவருக்காக வைத்திருக்க வேண்டும் என்ற வாசகம். அந்த உரிமையாளர் யார் என்று எழுதாமல் விட்டதால் பெட்டி இன்னும் வங்கியில். பின்னாளில் வழக்குக்குப் போனவர்கள் உம்பெர்த்தோவின் பிள்ளைகள். வாரிசுரிமைச் சட்டத்தில் மகளுக்கும் பங்கு உண்டு, சாலிக் சட்டம் அங்கே செல்லாது என்பதைக் கவனியுங்கள்.

விட்டோரியோ இத்தாலிக்குள்ளேயே வரக் கூடாது என்றிருந்ததே, அமெதேயோ மட்டும் எப்படி அங்கே வாழ்ந்தார்?

1948 ஜனவரி 1 முதல் அமலான 13-ஆவது விதியின் தடை முன்னாள் மன்னர்கள், அவர்கள் மனைவியர், ஆண் வாரிசுகள் ஆகியோருக்கு மட்டும். அவோஸ்தா கிளை அதில் சேராது. அதனால் 1943-ல் பிறந்த அமெதேயோ இத்தாலியில் வளர்ந்தார். விட்டோரியோவோ ஒன்பது வயதில் போனவர், 2002 அக்டோபர் 23-ஆம் தேதியச் சட்டம் தடையை நீக்கிய பின், டிசம்பரில்தான் திரும்ப மிதித்தார். பெண்களுக்குத் தடை இல்லை. உம்பெர்த்தோவின் மகள்கள் வந்துபோகலாம், மகன் மட்டும் முடியாது.

மறுபடி மன்னராட்சி வர வாய்ப்பு உண்டா?

அரசியலமைப்பின் 139-ஆவது பிரிவு: குடியரசு வடிவத்தைத் திருத்த முடியாது. அவ்வளவுதான்.

மற்ற நாட்டு ராஜ குடும்பங்களிலும் இதே மாதிரிதானா?

விதிகள் வேறு, முடிச்சு ஒன்றே. ரஷ்ய ரோமனோவ்களிடம் சம அந்தஸ்துத் திருமணம் பற்றிய தகராறு. நேப்பிள்ஸை ஆண்ட போர்பன்களிடம், 1900-ல் கான் நகரில் ஓர் இளவரசர் எழுதிக்கொடுத்த உரிமைத் துறப்பு எதுவரை செல்லும் என்ற தகராறு. ருமேனியாவின் முன்னாள் மன்னர் மிஹாய் 2007-ல் விதியை மாற்றி மகள் மார்கரெத்தாவுக்கு வழி செய்தார். 2019 சவோயா ஆணையோடு ஒப்பிட இது பொருத்தமான உதாரணம். ஒரு வித்தியாசம், மிஹாய் உண்மையில் ஆண்டவர்.

ஜெர்மனியின் பிரஷ்யக் குடும்ப வழக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். அங்கே நீதிமன்றம் தலையிட்டது உண்மை. 2004-ல் அரசியலமைப்பு நீதிமன்றம், சம அந்தஸ்தில் மணந்தால்தான் சொத்து என்ற நிபந்தனை திருமண சுதந்திரத்தைப் பாதிப்பதைக் கவனிக்க வேண்டும் என்றது. ஆனால் அது சொத்துரிமை ஒப்பந்தத்தைப் பற்றிய வழக்கு. சொத்து இருந்தால் நீதிமன்றம் பேசும், வெறும் தலைமை என்றால் பேசாது.

புதிதாக ஒருவர் 'நான்தான் தலைவர்' என்றால், எதை வைத்துச் சரிபார்ப்பது?

கடைசியாக ஆண்டவர் யார், அவர் முடி துறந்தாரா என்பதிலிருந்து தொடங்குங்கள். பிறகு, ஆட்சி முடிந்த தேதியில் எந்த வாரிசு விதி அமலில் இருந்தது என்று மூலப் பத்திரத்தில் பாருங்கள். அதன் பிறகே வம்சக்கொடியை வரையுங்கள். பலர் வம்சக்கொடியை முதலில் வரைந்துவிட்டு, அதற்கேற்ற விதியைத் தேடுகிறார்கள். பெரும்பாலான தவறு அங்கேதான். அடுத்து ஒவ்வொரு கணுவிலும் திருமணச் சம்மதப் பத்திரமும் உரிமைத் துறப்பும் உண்டா என்று பாருங்கள்.

கடைசியாக, ஆட்சி போன பிறகு மாற்றப்பட்ட விதி எதையாவது அந்த உரிமைகோரல் நம்பியிருக்கிறதா என்று கேளுங்கள். நம்பியிருந்தால், மாற்றியவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதையும் அவரே காட்ட வேண்டும். யாருக்கு எந்த அரண்மனையிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது என்பது இதில் சேராது. பத்திரிகை அனுப்புகிறவர் பல நேரம் இரண்டு பேருக்குமே அனுப்பிவிடுகிறார், மாட்ரிட்டில் நடந்ததைப் போல.